பேரிங்கு மாத்தும் பேராண்டி

வா கண்ணு, திண்ணையில உக்காரு. காரு முன்பக்கம் ஸ்ட்ரட்டு பேரிங்கை நீயே வூட்டு வாசல்ல மாத்தப் போறியாமா? போன்ல பத்து நிமிசம் வீடியோ பாத்தியாக்கும். அந்த வீடியோக்காரன் வண்டியில ஒரு நட்டாச்சும் துருப்புடிச்சிருந்துச்சா?

சரி, போனது பேரிங்குதான்னு உனக்கு ஆரு சொன்னது? முன்னாடி டக்கு டக்குங்குதுங்கறே. அந்தச் சத்தம் லிங்க் ராடுலயும் வரும், பால் ஜாயிண்ட்லயும் வரும், டிக்கியில உங்காத்தா மறந்துபோன தேங்காயிலயும் வரும். வண்டியை நிறுத்திப்போட்டு, அம்மிணியை ஸ்டீயரிங்கைக் கடேசி வரைக்கும் திருப்பச் சொல்லு. நீ ஸ்பிரிங்கு மேல வெளிப்பக்கமா வெரலை லேசா வெச்சுக்க. அது நைசாக் கூடவே சுத்துனா பழுது வேற எங்கியோ. முறுக்கிட்டு நின்னு திடீர்னு டொய்ங்குனு தெறிச்சா, பேரிங்கு போச்சு. வளைவு தாண்டியும் ஸ்டீயரிங்கு தானா நேருக்கு வராம மொரண்டு புடிக்கறதும் இதனாலதான். சக்கரம் திரும்பறப்ப ஸ்ட்ரட்டும் கூடத் திரும்போணுமே, அதுக்குத்தான் உச்சியில அந்தப் பேரிங்கு. சேறும் தண்ணியும் உள்ள எறங்குனா குண்டெல்லாம் துருவேறி ஒக்காந்துக்கும்.

பழைய அம்பாசிடர்ல முன்னாடி இந்தச் சுருள் ஸ்பிரிங்கே கெடையாது, முறுக்குக் கம்பிதான். கிரீஸைக் கன்ல அடிச்சுட்டுப் போயிட்டே இருந்தோம். 1983ல வந்துச்சே மாருதி 800, அதுல இருந்துதான் ஊரெல்லாம் இந்த ஸ்ட்ரட்டு.

கழட்டறது ஒண்ணும் பெரிய வித்தையில்ல. வீல் நட்டைச் சக்கரம் தரையில இருக்கறப்பவே இளக்கிக்க. ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழ பூராத, ஸ்டாண்டு குடு. ஹாலோ பிளாக்கு கல்லை அண்டக் குடுக்கற புத்திசாலி நம்மூர்ல ஏகப்பட்ட பேரு. அது நொறுங்கறப்ப சொல்லிட்டு நொறுங்காது. பிரேக் ஹோஸை ஸ்ட்ரட்டுல இருந்து எடுத்துப்போடு. கீழ் போல்ட்டு ரெண்டும் இருந்த எடத்துல அடையாளம் வெச்சுக் கழட்டு. நக்கிளைக் கம்பியில கட்டித் தொங்கவிடு, இல்லாட்டி டிரைவ் ஷாஃப்டு உருவிக்கிட்டு வந்துரும்.

இப்ப பானெட்டைத் தொற. உச்சியில சுத்தியும் சின்ன நட்டு, நடுவுல பெரிய நட்டு. உன்ற கை நேரா அந்தப் பெருசுக்குத்தான் போகும், எனக்குத் தெரியும். தொடாத! உள்ள ஸ்பிரிங்கை அமுக்கிப் புடிச்சிருக்கறதே அந்த ஒத்த நட்டுத்தான். 900 கிலோ வண்டின்னா முன்சக்கரம் ஒண்ணு மேல மட்டும் 250 கிலோவுக்குக் கொறையாத பாரம். அதைத் தாங்கற ஸ்பிரிங்கை அவுத்துவிட்டா, மூக்கணாங்கவுறு அந்துபோன காளையாட்டம் மூஞ்சியப் பாத்துத்தான் வரும். ஸ்பிரிங் கம்ப்ரஸரு வேணும். எதிரெதிரா ரெண்டு கொக்கி மாட்டி, மாத்தி மாத்திக் கொஞ்சங் கொஞ்சமா முறுக்கோணும். ஸ்பிரிங்கு ரெண்டு பக்க தட்டுலயும் லொட லொடன்னு ஆடுனாத்தான் நடு நட்டுல கைவெக்கலாம். அந்தச் சாமானை இரவல் வாங்கறதுக்குள்ள, ஸ்ட்ரட்டைச் சாக்குல சுத்திப் பட்டறைக்குத் தூக்கிட்டுப் போயிரு கண்ணு. பேரிங்கை மாத்திக் குடுத்துருவாங்க. திருப்பி மாட்டறது உன்ற வேலை. அம்மிணிகிட்ட எல்லாம் நாந்தான்னு சொல்லிக்க, நான் வாயத் தொறக்கமாட்டேன்.

ஸ்பிரிங்கு வாலு கீழ்த்தட்டுல இருக்கற படியில ஒக்காந்திருக்குதான்னு மட்டும் பாத்து வாங்கு. ஒரு பக்கம் போயிருந்தா மறுபக்கமும் போற நாள்தான், ரெண்டையும் மாத்திரு. நட்டும் புதுசு போடு, அஞ்சு பத்துல கஞ்சத்தனம் வேண்டாம்.

எல்லாம் மாட்டுன பொறவு வீல் அலைன்மென்ட்டுக்கு டவுனுக்குப் போயே ஆகோணும். போறன்னிக்குச் சொல்லு, நானும் வாரேன். சந்தையில புண்ணாக்கு ரெண்டு மூட்டை எடுக்கோணும். டிக்கியில வேண்டாம், முன்சீட்டுக்கிட்டயே வெச்சுக்கலாம்; புதுப் பேரிங்கு பாரம் தாங்குதான்னு பாத்தாப்பலயும் ஆச்சு, எனக்கு டெம்போ வாடகை மிச்சமும் ஆச்சு.