அரிசியில்லாத் தோசை அங்கிள்

கிள்ளான் ஜாலான் தெங்கு கெலானாவில் ஏதாவதொரு மளிகைக்கடைக்குள் நுழையுங்கள். அரிசி மூட்டைகளுக்கு முதுகைக் காட்டியபடி, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பாதாம் மாவுப் பொட்டலத்தின் பின்பக்கத்துப் பொடியெழுத்தை உதடு அசைய வாசித்துக்கொண்டிருப்பாரே, அவர்தான். வயது அறுபதை ஒட்டி. போர்ட் கிள்ளானில் கப்பல் கம்பெனிக் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். கூடையில் ஏற்கெனவே ஒரு பெரிய இசப்கோல் டப்பா கிடக்கும்.

"என்ன அங்கிள், வயிறு சரியில்லையா?" என்று கல்லாவிலிருக்கும் தம்பி அக்கறையாகக் கேட்பார்.

"இல்ல தம்பி. தோசைக்கு."

தம்பி அதற்கு மேல் வாயைத் திறக்கமாட்டார். போன வாரம் திறந்து, அரை மணி நேரத்தையும் மூன்று வாடிக்கையாளர்களையும் இழந்தவர் அவர்.

அங்கிள் பிறக்கும்போதே இப்படிப் பிறக்கவில்லை. அரசாங்கக் கிளினிக் கெசிஹாத்தானில் ஒரு வெள்ளி கட்டி உள்ளே போன நாளில்தான் இந்த அவதாரம் எடுத்தார். அதற்கு முன்பும் அவருக்கு இனிப்பு நீர் இருந்தது. ரத்தம் எடுக்கும் தேதிக்கு இரண்டு நாள் முன்பிருந்து பட்டினி கிடந்து, காலையில் வெறும் வயிற்றோடு போய், நல்ல பிள்ளையாக ஊசிக்குக் கையை நீட்டி வருடக்கணக்கில் சமாளித்திருந்தார். எச்பிஏ1சி என்ற பரிசோதனை வந்து அந்தப் பிழைப்பில் மண்ணைப் போட்டது. ரத்தச் சிவப்பணு சுமார் 120 நாள் உயிரோடிருக்கும். அத்தனை நாளும் தன்மேல் படிந்த சீனியைச் சுமந்துகொண்டே திரியும். இரண்டு மூன்று மாதத்துக்கு முந்தைய கல்யாணப் பந்தியைக்கூட அது டாக்டரிடம் போட்டுக்கொடுத்துவிடும். அங்கிளுக்கு 8.4 என்று வந்தது.

அங்கிளைத் தனியாளாக நினைத்து ஏளனம் செய்யவேண்டாம். 2019ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வு, வயது வந்த மலேசியர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு என்றது. இந்தியர்களை மட்டும் பிரித்துப் பார்த்தால் 31.4. நம் வீட்டுப் பந்தியில் வரிசையாக மூன்று பேரை உட்காரவைத்தால் ஒருவர் ரசகுல்லாவைத் தொடக்கூடாதவர். தொட்டுக்கொண்டிருப்பவரும் அநேகமாக அவரே.

அன்றைக்குக் கிளினிக்கில் நர்ஸ் மிஸ்ஸி அவரை உட்காரவைத்து ஒரு தட்டின் படத்தைக் காட்டினார். சுக்கு சுக்கு செப்பாரோ. தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ கோழியோ முட்டையோ, மீதிப் பாதி காயும் பழமும். சுகாதார அமைச்சு நாடு முழுக்கச் சுவரில் ஒட்டியிருக்கும் படம். ஏழு வயதுப் பிள்ளைக்கும் புரியும். அங்கிளுக்குப் பிடிக்காமல் போனதும் அதனால்தான். முப்பது வருடம் பேரேடு பார்த்த மனிதரிடம் 'சோற்றைக் கொஞ்சம் குறைங்க அங்கிள்' என்றால் மரியாதையாகவா இருக்கிறது? அவருக்கு வேண்டியது ஒரு முறை, ஒரு கணக்கு, நாலு பேரிடம் விளக்க ஒரு சங்கதி.

அது தமிழ்நாட்டுப் பக்கமிருந்து கைப்பேசி வழியாக வந்து சேர்ந்தது. மாவுச்சத்தைத் தள்ளிவைக்கச் சொல்லும் நியாண்டர் செல்வனின் 'பேலியோ டயட்' புத்தகமும், 'ஆரோக்கியம் & நல்வாழ்வு' முகநூல் குழுவும் அங்கே பல பேரைக் காலையில் நூறு பாதாம் எண்ணித் தின்னவைத்த கதை தெரிந்ததுதான். இன்னும் தோண்டிக்கொண்டே போன அங்கிள், 1863இல் லண்டனில் வில்லியம் பாண்டிங் என்பவர் ரொட்டி, சீனி, பீர், உருளைக்கிழங்கையெல்லாம் விட்டு உடம்பு இளைத்து, அதைச் சிறு புத்தகமாகவே போட்டதையும் கண்டுபிடித்துவிட்டார். பாண்டிங்கின் தொழில் ஈமச்சடங்கு ஏற்பாடு. "செத்தவங்களையே பாத்துக்கிட்டு இருந்தவருக்குத்தான் உயிரோட அருமை தெரிஞ்சிருக்கு, பாத்தீங்களா!" என்று கோயில் வாசலில் செருப்பு மாட்டுகிறவர்களைப் பிடித்து நிறுத்திச் சொல்வார்.

நூறு பாதாமை எண்ணவும் செய்தார். எண்ணுவது அவருக்கு ஆகிவந்த வேலை, மெல்லுவதுதான் ஆகவில்லை. காலை ஏழு மணிக்கு நாக்கு தோசை கேட்டது. இரண்டு முட்டையை அவித்துத் தின்றுவிட்டு வேலையைப் பார்க்கிறவர்கள் உலகத்தில் உண்டு. அவர்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. அங்கிள் அரிசியை விடுவார், உளுந்தை விடுவார், புளிப்பை விடுவார், முறுகலை விடுவார். தோசை என்ற பெயரை மட்டும் விடமாட்டார். தட்டில் என்ன இருந்தாலும் அது வட்டமாக இருக்கவேண்டும். பக்கத்தில் சட்டினி இருக்கவேண்டும்.

முதலில் கேழ்வரகுக்குப் போனார். வெள்ளையாக இருப்பதெல்லாம் மாவுச்சத்து, கறுப்பாக இருப்பதெல்லாம் மருந்து என்பது நம்மவர்களின் பொதுவான வேதம். நூறு கிராம் அரிசியில் ஏறக்குறைய 80 கிராம் மாவுச்சத்து என்றால், கேழ்வரகிலும் 70க்கு மேல் இருக்கிறது என்று இவரே ஒருநாள் படித்துவிட்டார். மூன்று நாள் யாரோடும் பேசவில்லை. பிறகு உளுந்து மட்டும் போட்ட தோசை. அதில் 60, நார் போக நாற்பது சொச்சம். 'நெட் கார்ப்' என்ற சொல் அப்போதுதான் வீட்டுக்குள் வலது கால் வைத்து நுழைந்தது. மொத்தத்திலிருந்து நாரைக் கழிப்பது. கழித்தல் என்றதும் அங்கிளின் முகத்தில் வந்த பிரகாசத்தை வருமான வரி இலாகாவில் வேலை பார்த்தவர்கள் புரிந்துகொள்வார்கள். கழித்துக் கழித்துக் கடைசியில் பாதாம் மாவுக்கு வந்து நின்றார். மொத்தமே இருபதுக்குப் பக்கம். அதிலும் பாதி நார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அந்தத் தோசை பிறப்பதைக் கிட்டே நின்று பார்க்கவேண்டும். பாதாம் மாவு, இரண்டு முட்டை, கொஞ்சம் தயிர், ஒரு கரண்டி இசப்கோல், உப்பு, சீரகம். கலக்கியவுடன் மாவு பதமாகத்தான் இருக்கும். "பாத்தியா, அசல் தோசை மாவு!" என்று மனைவியைக் கூப்பிடுவார். அவர் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து சேர்வதற்குள் இசப்கோல் தண்ணீரையெல்லாம் குடித்துவிட்டுக் கோந்தாகி உட்கார்ந்திருக்கும். அங்கிள் தண்ணீர் ஊற்றுவார். அதையும் அது குடிக்கும். மறுபடி ஊற்றுவார். இந்தப் போட்டியில் இதுவரை இசப்கோல் தோற்றதில்லை.

அடுத்து கல். கரண்டியால் ஊற்றி வட்டமாக இழுப்பது என்று ஒரு காரியம் இருக்கிறதே, அது மாவு கல்லில் ஒட்டிக்கொண்டு கரண்டியை விட்டுவிட்டால்தான் நடக்கும். அரிசியில் இருக்கும் மாவுச்சத்து சூடு பட்டதும் வெந்து கல்லைப் பிடித்துக்கொள்ளும். இங்கே பிடித்துக்கொள்ள ஆளில்லை. அங்கிள் இழுக்கிற பக்கமெல்லாம் தோசை கரண்டியோடு எழுந்து வரும், கல் காலியாகும். கடைசியில் கரண்டியை வைத்துவிட்டு, கையை நனைத்துக்கொண்டு, வடை தட்டுவதுபோல் தட்டி முடிப்பார். திருப்பும்போது மூன்றாக உடையும். உடைந்ததைத் தட்டில் பக்கம் பக்கமாக வைத்து வட்டமாக ஒட்டவைப்பதில் மட்டும் அவரை மிஞ்ச ஆளில்லை.

மாவைப் புளிக்கவைக்கவும் பார்த்தார். கிள்ளான் வெக்கையில் அரிசி உளுந்து மாவை ஆட்டிவைத்தால் விடிவதற்குள் பொங்கிப் பாத்திரத்தைத் தாண்டும். நுண்ணுயிர்கள் விடுகிற காற்றை உளுந்தின் வழவழப்பு உள்ளேயே பிடித்துவைக்கும். பாதாம் மாவில் பிடித்துவைக்க ஒன்றுமில்லை. காலையில் மூடியைத் திறந்தால் ராத்திரி படுக்கப்போனபோது எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. "கோவிச்சுக்கிட்ட மருமக மாதிரி இருக்கு" என்றார் மனைவி.

மனைவியைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். அவர் இந்தப் புரட்சியை எதிர்க்கவில்லை. இரண்டே நிபந்தனைகள்: "என் கல்ல எடுக்காதீங்க. அந்தக் கரண்டிய நீங்களே கழுவுங்க." வீட்டில் இப்போது இரண்டு தோசைக்கல். ஒன்று அவர் மாமியார் வழி வந்த இரும்புக்கல். மற்றது பசார் மாலாமில் அங்கிள் வாங்கிய ஒட்டாத சட்டி. ஒட்டாத சட்டியில் ஒட்டும், ஒட்டவேண்டிய இடத்தில் ஒட்டாது. கரண்டியில் காய்ந்த இசப்கோலைச் சுரண்ட அங்கிள் தம் பழைய ஆப்பீஸ் இரும்பு அடிக்கோலைப் பயன்படுத்துகிறார்.

சாப்பாட்டு மேசையில் இரண்டாவது காட்சி. தம் தோசையைச் சாப்பிட்டு முடித்த அங்கிள், "நல்லாத்தான் இருக்கு" என்பார். சற்றுப் பொறுத்து, "சாதாரணத் தோசைக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்னு பாக்கணும்" என்பார். மனைவி ஒன்றும் பேசாமல் இரும்புக்கல்லில் முறுகலாக ஒன்று ஊற்றிப் போடுவார். அது சாப்பாட்டுக் கணக்கில் வராது. ஆராய்ச்சிக் கணக்கில் வரும். தேங்காய்ச் சட்டினி எந்தக் கணக்கிலும் வராது. தேங்காய் கொழுப்பு, கொழுப்பு நல்லது, ஆகவே ஒரு கிண்ணம். அதில் பொட்டுக்கடலை போட்டிருக்கிறதா என்று அவர் கேட்பதுமில்லை, மனைவி சொல்வதுமில்லை. நாற்பது வருடத் தாம்பத்தியம் வேறு எதனால் நிற்கிறது என்கிறீர்கள்?

சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து விரலைக் குத்திப் பார்ப்பார். 7.8. உடனே திருச்சியிலிருக்கும் சித்தப்பா மகனுக்குப் போன். அவருக்கும் இனிப்பு நீர்தான். அங்கே அதைச் சுகர் என்பார்கள்.

"தம்பி, எனக்கு இப்ப ஏழு புள்ளி எட்டு. உனக்கு?"

"ஏழா? என்னண்ணே சொல்றீங்க! எனக்கு நூத்தி நாப்பது! நீங்க அப்படி என்னதான் சாப்பிடுறீங்க?"

மலேசியாவில் அளப்பது மில்லிமோலில், இந்தியாவில் மில்லிகிராமில். பதினெட்டால் பெருக்கினால் இரண்டும் ஒன்றுதான். அங்கிளுக்கு அது நன்றாகவே தெரியும். பெருக்கல் அவருக்குக் கழித்தல் அளவுக்குப் பிடிக்காது. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எழுதிக்க. பாதாம் மாவு ஒரு கப்..." என்று ஆரம்பிப்பார்.

அங்கிள் வாழ்க்கையின் பொற்காலம் 2023இன் பிற்பகுதி. அந்த ஜூலையில் இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை நிறுத்தியது. செப்டம்பரில் இங்கே இறக்குமதி அரிசி விலை ஏறியது. கிலோ 2 வெள்ளி 60 காசு என்று அரசாங்கம் விலை கட்டியிருந்த உள்ளூர் வெள்ளை அரிசி கடைகளிலிருந்து மாயமானது. ஊரே பத்துக் கிலோப் பைக்கு அலைந்தபோது அங்கிள் கடைவாசல் அஞ்சடியில் கைகட்டி நின்றுகொண்டு, "நமக்கு அந்தப் பிரச்சினை இல்ல" என்றார். அரிசியைவிடப் பல மடங்கு விலை கொடுத்துப் பாதாம் மாவு வாங்குகிற மனிதர் என்பதை யாரும் அப்போது நினைவூட்டவில்லை. வரிசையில் நிற்கிறவர்களுக்கு அதற்கெல்லாம் தெம்பு ஏது?

வெளியே சாப்பிடும்போது அவரைப் பார்க்கவேண்டுமானால் பிரிக்பீல்ட்சுக்குப் போகவேண்டும். மாதம் ஒருமுறை கிள்ளானிலிருந்து ரயிலேறி, கேஎல் சென்ட்ரலில் இறங்கி, ஜாலான் துன் சம்பந்தனைத் தாண்டி, பழைய சகாக்கள் கூடும் கடைக்கு வருவார். முதலில் சகாக்களின் தட்டுகளை ஒரு நோட்டம். "ரொட்டி சானாய் ஒண்ணுக்கு முந்நூறு கலோரி பக்கம், தெரியுமா?" பிய்த்த ரொட்டியைப் பருப்பில் தோய்த்த கை அந்தரத்தில் நிற்கும். பிறகு தம்முடைய ஆர்டர்: "தே ஓ கோசோங். அப்புறம் ரொட்டி தெலூர் ஒண்ணு. ரொட்டி கம்மியா, தெலூர் அதிகமா."

ராமநாதபுரத்துப் பையன் தலையைச் சொறிந்துகொண்டு, "அப்ப ஆம்லெட்டே போட்டுரவாண்ணே?" என்பான்.

"ஆம்லெட் வீட்டுலயே கிடைக்குமே தம்பி!"

ரொட்டி சானாயையும் வீட்டில் ஒருமுறை முயன்றார். மைதாவில் இருக்கும் க்ளூட்டன் என்ற புரதம்தான் மாவை ரப்பராக்கி, விசிறும்போது கிழியாமல் காக்கிறது. பாதாமில் அது கிடையாது. விசிறினார். பாதி கையிலேயே நின்றது. மீதி குளிர்சாதனப் பெட்டியின் தலையில் இருக்கிறது என்று நம்பப்படுகிறது. காலிஃபிளவரைத் துருவித் தேங்காய்ப்பாலும் பண்டான் இலையும் போட்டுச் செய்த நாசி லெமாக் அவ்வளவு மோசமில்லை. நெத்திலிச் சம்பல் இருந்தால் காலிஃபிளவர் என்ன, நாளிதழைக்கூடத் தின்னலாம். சம்பலில் எத்தனை கரண்டி சீனி என்பதும் மேற்படி தாம்பத்திய ரகசியங்களில் ஒன்று.

இந்த இனத்தில் பெண்பாலும் உண்டு. ஆண்ட்டி சத்தமில்லாமல் பாசிப்பயறும் கீரையும் போட்டு அடை சுட்டுத் தின்றுவிட்டு நடக்கப் போய்விடுவார். அதனால் அவரைப் பற்றி யாருக்கும் தெரியாது.

போன தடவை கிளினிக்கில் அங்கிளுக்கு எச்பிஏ1சி 7.1 என்று வந்தது. நிஜமாகவே இறங்கியிருக்கிறது. என்ன செய்தீர்கள் என்று பெண் டாக்டர் மரியாதைக்காகக் கேட்டார். அங்கிள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு வில்லியம் பாண்டிங்கிலிருந்து தொடங்கினார். இசப்கோல் ஊறும் கட்டத்துக்கு வருவதற்குள் மிஸ்ஸி அடுத்த எண்ணைக் கூப்பிட்டுவிட்டார்.

வாசலில் காத்திருந்த மனைவி அந்த 7.1ஐப் பார்த்துவிட்டு, "அஞ்சு தோசை சாப்பிட்ட மனுஷன், அதுல ஒண்ணு, இதுல ஒண்ணு தின்னா இறங்காம என்ன செய்யும்?" என்றார். அங்கிள் காதில் அது விழவில்லை. அடுத்த திட்டம் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. இடியாப்பம், பாதாமும் தேங்காய் மாவும் கலந்து, ஆவியில்.

இப்போது இரண்டு வாரமாக வீட்டில் இடியாப்பக் குழலைக் காணவில்லை. அங்கிள் அலமாரி அலமாரியாகத் தேடுகிறார். அது ஷா ஆலாமில், மனைவியின் தங்கை வீட்டில், மூன்று பிளாஸ்டிக் பைகளுக்குள் பத்திரமாக இருக்கிறது.