பரந்த மனசுக்காரர்

அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் ஒரு லிஃப்ட், ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு இவர் இருந்தே தீர வேண்டும். வங்கியிலோ மின்வாரியத்திலோ வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காலையில் நடை, பகலில் வாட்ஸப், மாலையில் மறுபடியும் நடை. யாரையும் வெறுக்கத் தெரியாது. அதை அவரே சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார். "நமக்கு ஜாதி, மதமெல்லாம் கிடையாதுங்க. எனக்கு எத்தனையோ பாய் ஃப்ரெண்ட்ஸ்!" பேத்தி விழுந்து விழுந்து சிரிப்பாள். ஏனென்று அவருக்கு இன்றுவரை விளங்கவில்லை.

மூன்றாம் மாடி ஆசிரியை லிஃப்டில் ஏறினால் போதும், அந்த மனசு விரியத் தொடங்கிவிடும். காயல்பட்டினத்துக்காரர், பள்ளியில் இயற்பியல் நடத்துகிறார், தலையில் முக்காடு.

"தமிழ் எவ்வளவு நல்லா பேசுறீங்கம்மா!"

தூத்துக்குடி மாவட்டத்தில் பிறந்தவர் வேறென்ன, போர்ச்சுகீசியமா பேசுவார்? நாகூரில் மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய சித்தி ஜுனைதா பேகம் 1938லேயே 'காதலா? கடமையா?' என்று நாவல் எழுதினார், உ.வே.சா. அதைப் பாராட்டினார். நம்மவர் கடைசியாக முழுதாகப் படித்த தமிழ் நூல் பஞ்சாங்கம்.

அடுத்து, "வேலைக்கெல்லாம் அனுப்புறாங்களே, உங்க வீட்டுக்காரர் ரொம்ப நல்லவர்!" காலை ஐந்து மணிக்கு எழுந்து சமைத்துவிட்டு வேலைக்கு ஓடுவது ஆசிரியை, பாராட்டு மட்டும் அவர் கணவருக்கு. நம்மவரின் மனைவியோ எதிர்த்தெருப் பிள்ளையாரைப் பார்க்கக்கூட, "போயிட்டு வரட்டுமா?" என்று கதவோரம் நிற்பார். அது கட்டுப்பாடு ஆகாது. குடும்பப் பாங்கு.

ஒருநாள், பாவம், ரொம்பவே இரங்கிவிட்டார். "உங்க பொண்ணுங்களுக்கு சுதந்திரமே இல்லையேம்மா."

"எங்க ஊர்ல கல்யாணமானா மாப்பிள்ளைதான் சார் பொண்ணு வீட்டுக்கு வந்து இருப்பாரு. வீடும் பொம்பளப் பிள்ளைக்குத்தான்."

இவர் முகம் வாடிவிட்டது. "அடடா, அந்தப் பையன் நிலைமை ரொம்பக் கஷ்டமாச்சே!"

முத்தலாக் விஷயத்தில் அவருக்குத் தனிப் பெருமிதம் உண்டு. 2017இல் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றதும், தாமே வாதாடி ஜெயித்த தோரணையில் ஆசிரியைக்கு வாழ்த்துச் சொன்னார். வழக்குத் தொடுத்தவர் ஷாயரா பானு என்கிற முஸ்லிம் பெண் என்ற தகவல் அவர் வாட்ஸப்புக்கு இன்னும் வந்து சேரவில்லை. சொந்த அக்கா மகள் ஜீவனாம்சத்துக்காகக் குடும்ப நீதிமன்றத்துக்கு அலைவது வேறு விஷயம். அது அவரவர் தலையெழுத்து.

"கூடப் பிறந்தவங்க எத்தனை பேரு? ஏழு, எட்டு?" என்றும் விசாரிப்பார். ஆசிரியைக்கு ஒரே தம்பி. எட்டுப் பேரோடு பிறந்தவர் நம்மவர்தான். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி முஸ்லிம் பெண் ஒருவருக்குச் சராசரியாக 1992-93இல் 4.4 குழந்தைகள், 2019-21இல் அது ஏறக்குறைய 2.4 ஆகிவிட்டது. அவர் கையிலிருக்கும் ஃபார்வர்டில் மட்டும் அந்த எண்ணிக்கை மாதாமாதம் ஏறுகிறது.

எங்கேயாவது குண்டு வெடித்தால் மறுநாள் லிஃப்டில் குரல் தணியும். "நீங்க இதப் பத்தி என்னம்மா நெனைக்கிறீங்க?" சாமியார் யாராவது கைதானால் எதிர்வீட்டு மாமியிடம் அவர் கருத்துக் கேட்டதாகத் தகவல் இல்லை.

உச்சமான பாராட்டைக் கல்யாண வரவேற்பு ஒன்றுக்காக எடுத்து வைத்திருந்தார். அன்று ஆசிரியை பட்டுப்புடவையில் வந்தார். இவர் கண்ணெல்லாம் மலர்ச்சி. "உங்களப் பார்த்தா முஸ்லிம்னே சொல்ல முடியாதும்மா!" ஆசிரியை ஒரு விநாடி யோசித்துவிட்டு, "உங்களையும் பார்த்தா அப்படிச் சொல்ல முடியாது சார்" என்றார். பாராட்டுக்குப் பதில் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு, எல்லாரிடமும் அதைச் சொல்லி மகிழ்ந்தார்.

இவருக்கு அதே கட்டடத்தில் இன்னொரு வீடு உண்டு. வாடகைக்கு விடப்படும் என்ற பலகை அதில் நெடுநாளாகத் தொங்குகிறது. ஆசிரியை தன் தோழிக்காகக் கேட்டார். அவரும் முக்காடு போட்டவர்; அரசு மருத்துவமனையில் செவிலியர். இவருக்கு உண்மையாகவே தொண்டை அடைத்துக்கொண்டது.

"எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லம்மா. அசோசியேஷன்லதான் ஒத்துக்க மாட்டாங்க."

அசோசியேஷன் தலைவர் அவர்தான்.