சர்க்கரை இல்லாத சமாதானம்

சர்க்கரையைவிட ஏறத்தாழ 200 மடங்கு இனிக்கும் அஸ்பார்டேம் என்னும் செயற்கை இனிப்பூட்டியை, உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2023 ஜூலையில் 'புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்னும் 2பி பிரிவில், அதாவது ஆபத்தின் அளவையன்றிச் சான்றின் வலுவை மட்டும் குறிக்கும் வரிசையில், ஆசிய மரபு ஊறுகாய்க்கு அருகே அமர்த்தியது. அதே நாளில் மற்றொரு நிபுணர் குழு, பழைய தினசரி உட்கொள்ளல் வரம்பே போதும் என்றும், 70 கிலோ எடையுள்ளவர் அதைத் தாண்ட நாளொன்றுக்கு 9 முதல் 14 டின் டயட் பானத்துக்கு மேல் குடிக்க வேண்டும் என்றும் கணக்குக் காட்டியதால், அச்சமும் ஆறுதலும் ஒரே தபாலில் வந்து சேர்ந்தன. எடை குறைக்க இத்தகைய இனிப்பூட்டிகளை நாட வேண்டாம் என்று அந்நிறுவனம் மே மாதமே அறிவுறுத்தியிருந்தது; இரண்டு தட்டு பிரியாணிக்குப் பிராயச்சித்தமாக டயட் கோலா கேட்போருக்கு உண்மையில் கசக்க வேண்டியது அந்த அறிவுரைதான்.