தலைக்கு எவ்வளவு?

என் சம்பந்தி சோழன் போக்குவரத்துக் கழகத்தில் வேலைக்குச் சேர்ந்து, 32 வருடம் கழித்துக் கிளை மேலாளராக ஓய்வு பெற்றவர். ஓய்வு அவருக்குத்தான், அவருக்குள் இருக்கும் மேலாளருக்கு இல்லை. கல்யாண வீட்டில் பந்தி நடந்தால் நாம் பாயசத்தைப் பார்ப்போம், அவர் "லோடு" பார்ப்பார். அப்படிப்பட்டவரை ஃப்ளோரிடாவில் டிஸ்னி வேர்ல்டுக்கு அழைத்துப் போனால் என்ன ஆகும்? மிக்கி மவுஸ் கையாட்டிக்கொண்டே எதிரே வருகிறது. இவர் அதன் தோளுக்கு மேலாக எட்டி, பின்னால் வந்த பஸ்ஸின் டயரைப் பார்க்கிறார்.

அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. அந்த இடம் பஸ்காரர்களின் சொர்க்கம். ஏறக்குறைய 100 சதுர கிலோமீட்டர், அதாவது சான் ஃபிரான்சிஸ்கோ நகரம் அளவுக்கு விரிந்து கிடக்கிறது. அதற்குள் நான்கு பெரிய பூங்காக்கள், எண்ணி மாளாத ஹோட்டல்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக பஸ் இருக்கிறது, படகு இருக்கிறது, 1971இல் பூங்கா திறந்த காலத்திலிருந்தே ஓடும் மோனோ ரயில் இருக்கிறது, 2019இல் வந்த ஸ்கைலைனர் தலைக்கு மேலே கம்பியில் தொங்கிக்கொண்டு போகிறது. எதற்கும் டிக்கெட் கிடையாது. சம்பந்தி முதலில் நம்பவில்லை.

"செக்கிங் ஏறினா?"

யாரும் ஏற மாட்டார்கள் என்று மகன் சொன்னதும், மோனோ ரயிலில் ஏறி உட்கார்ந்து மூன்று சுற்று முடித்துவிட்டுத்தான் இறங்கினார். அன்றைக்கு அவருடைய பூங்கா டிக்கெட்டுக்கு மகன் கொடுத்த தொகையை என் மனைவி மனதுக்குள் 83ஆல் பெருக்கிவிட்டாள். அமெரிக்கா வந்த இரண்டே வாரத்தில் அவளுக்கு 83ஆம் வாய்ப்பாடு தலைகீழாகத் தெரியும்.

இது 2023 டிசம்பர். நியூ ஜெர்சியிலிருந்து விமானத்தில் வந்திருந்தோம். நான், மனைவி, சம்பந்தி, சம்பந்தியம்மா, மகன், மருமகள், ஏழு வயதுப் பேத்தி, மூன்று வயதுப் பேரன் என்று மொத்தம் எட்டுத் தலை. பைகள் 11. மூன்று நாள் பூங்கா முடிந்து வெள்ளிக்கிழமை போர்ட் கனாவெரலில் டிஸ்னியின் உல்லாசக் கப்பலில் ஏற வேண்டும். ஹோட்டலிலிருந்து துறைமுகம் சுமார் 100 கிலோமீட்டர், எங்கள் கும்பகோணத்திலிருந்து திருச்சி போகிற தூரம். ஊரில் இதற்கெல்லாம் யோசிக்க மாட்டோம். பஸ் ஸ்டாண்டில் போய் சும்மா நின்றால் போதும், யாராவது "திருச்சி திருச்சி திருச்சி" என்று கையைப் பிடித்து ஏற்றிவிடுவார்கள். இங்கே வேலிக்குள் எட்டுத் திக்கும் இலவசம். வேலியைத் தாண்ட நினைத்தால்தான் விசாரணை ஆரம்பிக்கிறது.

விமான நிலையத்துக்கும் ஹோட்டலுக்கும் இடையே 'மேஜிக்கல் எக்ஸ்பிரஸ்' என்று ஓர் இலவச பஸ் 2005லிருந்து ஓடிக்கொண்டிருந்ததாம். 2022 ஜனவரியோடு நிறுத்திவிட்டார்கள். நான் ஓரிடத்துக்குப் போகிறேன் என்றால் அங்கே இலவசம் அதற்கு முன்பே முடிந்திருக்கும். ஜாதகம் அப்படி.

வியாழன் ராத்திரி மகன் மடிக்கணினியில் எக்செல் திறந்தான். கப்பலுக்கு எட்டுப் பேருக்குக் கட்டிய பணத்தில் ஊரில் ஒரு கார் வாங்கியிருக்கலாம். ஆனால் அதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. யானையை வாங்கிவிட்டோம், இப்போது அங்குசத்துக்குப் பேரம்.

"கப்பல் கம்பெனியே பஸ் விடறான்பா. ஹோட்டல் வாசல்ல ஏறினா கப்பல் வாசல்ல இறங்கலாம்."

"தலைக்கு எவ்வளவு?" என்றார் சம்பந்தி.

மகன் சொன்னான். என் மனைவியின் உதடுகள் அசைந்தன. அவள் பெருக்கி முடித்ததும் அறையில் ஓர் அமைதி நிலவியது. தனி ஆள் போனால் அந்த பஸ்தான் லாபம். எட்டுத் தலை என்றால் லாபம் பஸ்ஸுக்கு. குடும்பம் பெருக்கக் கூடாது என்று நம் அரசாங்கம் சுவரெல்லாம் எழுதியது எதற்கு என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

செயலியில் வாடகைக் கார் பிடிக்கலாம். அதற்குத் தலைக்கணக்கு இல்லை, வண்டிக்கணக்கு. பெரிய வண்டி என்று போட்டால் ஆறு பேர் ஏறலாம். பைகளைப் பற்றி அது வாயே திறக்காது. அப்படியென்றால் இரண்டு வண்டி, இரண்டு டிப்ஸ். அதைவிடச் சிக்கல், யார் எந்த வண்டியில் என்பது. சம்பந்திகளைப் பின்னால் வரும் வண்டியில் அனுப்பினால் அது பத்து வருடத்துக்குப் பேசப்படும்.

அரசு பஸ்? சம்பந்தி நிமிர்ந்து உட்கார்ந்த ஒரே இடம் இதுதான். ஆர்லாண்டோ பக்கம் ஓடுவது ஒரு நிர்வாகம், துறைமுகம் இருக்கும் பிரெவார்ட் கவுண்டியில் ஓடுவது இன்னொரு நிர்வாகம். ஹோட்டலில் ஏற்றித் துறைமுகத்தில் இறக்க நேர் வண்டி கிடையாது.

"ரயில்?"

"பிரைட்லைன்னு செப்டம்பர்லதான் ஆர்லாண்டோ ஏர்போர்ட்லேருந்து மயாமிக்கு விட்டாங்க மாமா. கோக்கோ வரைக்கும் வரும், துறைமுகத்துக்கு ரொம்பப் பக்கம். ஆனா அங்க நிக்காம தெற்க திரும்பிடும்."

"ரிக்வெஸ்ட் ஸ்டாப்புகூட இல்லியா?" என்றார் சம்பந்தி. பிறகு சற்று நேரம் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: "சம்பந்தி, இந்த ரூட்ல ரெண்டே ரெண்டு வண்டி போட்டாப் போதும், கலெக்‌ஷன் அள்ளிடும்."

கடைசியில் எக்செல் தீர்ப்பு சொல்லியது. 12 பேர் உட்காரும் வேன் ஒன்றை ஒருவழி வாடகைக்கு எடுப்பது, மகன் ஓட்டுவது, துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அதே கம்பெனிக் கிளையில் விட்டுவிடுவது. அங்கிருந்து அவர்களே சின்ன பஸ்ஸில் கப்பல் முனையத்துக்குக் கொண்டுபோய் விடுவார்கள். எல்லாவற்றிலும் மலிவு இதுதான். மிச்சத்தை மகன் பச்சை நிறம் போட்டுக் காட்டினான். பச்சை நிறத்தைப் பார்த்த பிறகு யாருக்கும் தூக்கம் வரவில்லை.

சம்பந்தியம்மா மட்டும் ஒன்று கேட்டார். "நாளைக்கு வெள்ளிக்கிழமையாச்சே, பத்தரை பன்னண்டு ராகு காலமாச்சே?"

ராகு அமெரிக்க நேரத்தைப் பார்ப்பாரா இந்திய நேரத்தைப் பார்ப்பாரா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. சம்பந்தியம்மா சொன்னால் சொன்னதுதான். பத்து மணிக்கே ஒரு பையைப் பரஸ்தானமாக அறைக்கு வெளியே வைத்தோம். விருந்தினர் பை அனாதையாக நிற்கிறதே என்று ஹோட்டல் சிப்பந்தி ஒருவர் அன்போடு அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். புளியோதரைப் பை. மருமகள் லாபி முழுக்கத் தேடி மீட்டு வந்தபோது மணி பத்து இருபத்தெட்டு.

வேன் வந்தது. எங்கள் ஊர் மினி பஸ்ஸுக்குத் தம்பி. யார் முன்னால் உட்காருவது என்பதில் எனக்கும் சம்பந்திக்கும் ஒரு சிறு போர். "நீங்க உக்காருங்க சம்பந்தி." "சேச்சே, நீங்க உக்காருங்க சம்பந்தி." ராகு காலத்துக்கு ஒரு நிமிடம் இருக்க, மகன் ஹார்ன் அடித்தான். நான் விட்டுக்கொடுத்தேன். அந்தப் பெருந்தன்மைக்கு ஒரு விலை இருந்தது என்பது கொஞ்சம் தள்ளித் தெரிந்தது.

பீச்லைன் என்கிற 528ஆம் எண் சாலை. நேராகக் கிழக்கே, கடலைப் பார்த்துப் போகிறது. இரண்டு பக்கமும் பைன் மரங்கள், சதுப்பு, கொக்குகள். ஒவ்வொரு குட்டையிலும் முதலை இருக்கிறது என்று பேத்தி சொன்னாள். என் மனைவி ஜன்னல் கண்ணாடியை ஏற்றினாள். இது சுங்கச் சாலை. வேனின் முன் கண்ணாடியில் சிகரெட் பெட்டி அளவுக்கு ஒரு சாம்பல் நிற டப்பா ஒட்டியிருந்தது. சம்பந்தி அதையே பார்த்துக்கொண்டு வந்தார். சுங்கச் சாவடி நெருங்குகிற நேரத்தில்,

"இது என்ன மாப்ள, டிக்கெட் மெஷினா?" என்று மூடியைத் தள்ளித் திறந்துவிட்டார்.

மூடியைத் திறந்தால் அது உயிர் பெற்றுவிடும். சுங்கத்தையும் கட்டும், தனக்கென்று நாள் வாடகையும் போட்டுக்கொள்ளும். மூடியே கிடந்தால் சில்லறையில் முடிந்திருக்க வேண்டிய விவகாரம். மகன் ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்தான். "பரவால்ல மாமா" என்றான். அதே காரியத்தை நான் செய்திருந்தால் அவன் வாயிலிருந்து எந்த வார்த்தை வந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். வேனுக்குள் எல்லோரும் "பரவால்ல, பரவால்ல" என்று ஒரு சுற்று சொல்லி முடித்தோம். எக்செலின் பச்சைக் கட்டம் என் கண் முன்னால் வெளுத்துக்கொண்டே வந்தது.

வடக்கு நோக்கி ஓடும் செயின்ட் ஜான்ஸ் ஆற்றைத் தாண்டினோம். பிறகு கடலை ஒட்டிய காயல் நீர், இந்தியன் ரிவர் என்று பெயர். அதற்கடுத்தது பனானா ரிவர். இந்தியாவையும் வாழையையும் ஒரே சாலையில் அடுத்தடுத்துக் கடந்ததில் சம்பந்தியம்மாவுக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது. பாலத்தின் மேலிருந்து வடக்கே தூரத்தில் வெள்ளையாக ஒரு பெரிய பெட்டி தெரிந்தது. நாசா ராக்கெட்டுகளை நிறுத்திவைத்துப் பூட்டும் கட்டடம், 160 மீட்டர் உயரம். 1969 ஜூலை 16ஆம் தேதி அப்பல்லோ 11 அங்கிருந்துதான் கிளம்பியது.

"அப்ப நிலாவுக்கு இங்கேருந்து வண்டி உண்டு" என்றார் சம்பந்தி. "பக்கத்து ஜில்லாவுக்குத்தான் கிடையாது."

டப்பா விஷயத்துக்குப் பிறகு அவர் பேசிய முதல் வாக்கியம் அது. நாங்கள் தேவைக்கு அதிகமாகவே சிரித்தோம். உற்சாகம் திரும்பி, கனாவெரல் என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டார். ஸ்பானிய மொழியில் நாணல்காடு என்றேன். கென்னடி இறந்த 1963இல் அந்த முனைக்கு கேப் கென்னடி என்று பெயர் வைத்து, 1973இல் பழைய பெயருக்கே திரும்பினார்கள் என்றும் சொன்னேன். "எங்க கழகத்துக்கும் 97ல பேரை மாத்தினாங்க சம்பந்தி. பஸ் அதே பஸ்தான், ஒழுகறது அதே எடத்துலதான்."

துறைமுகத்துக்கு முன்னால் டீசல் பங்கா பெட்ரோல் பங்கா என்று ஒரு குழப்பம். அதை விட்டுவிடலாம், பெட்ரோல்தான். தொட்டியை முழுக்க நிரப்பிக் கொடுக்காவிட்டால் அவர்கள் நிரப்பி, அவர்கள் விலை போடுவார்கள். வாடகைக் கார் கிளைக்குப் போய்ச் சேர்ந்தால் அங்கே எங்களைப் போலவே எக்செல் போட்ட முப்பது குடும்பங்கள் நின்றுகொண்டிருந்தன. கப்பல் நாள் அல்லவா? எல்லோருக்கும் பதினொன்றரை மணிவாக்கில்தான் புத்தி வேலை செய்திருக்கிறது. எல்லோரையும் கப்பலுக்குக் கொண்டுபோக ஒரே ஒரு சின்ன பஸ், போவதும் வருவதுமாக இருந்தது.

நடைபாதை ஓரத்தில் 11 பைகளையும் அணை கட்டிவிட்டு நின்றோம். வீட்டில் சமைத்த சாப்பாட்டைக் கப்பலுக்குள் விட மாட்டார்கள் என்பதை மருமகள் அப்போதுதான் சொன்னாள். ஆகவே பரஸ்தானப் பை அங்கேயே திறக்கப்பட்டது. ஃப்ளோரிடா வெயிலில், கப்பலின் சிவப்புப் புகைபோக்கி தூரத்தில் தெரிய, காகிதத் தட்டில் புளியோதரை. வரிசையில் எங்களுக்குப் பின்னால் நின்ற ஒரு வெள்ளைக்காரப் பாட்டி மணத்தை விசாரித்தார். சம்பந்தியம்மா ஒரு கரண்டி வைத்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு அந்தப் பாட்டி எங்களை விட்டு நகரவில்லை.

சின்ன பஸ் வந்தது. ஓட்டுநர் எட்டுப் பேரையும் 11 பைகளையும் பார்த்து மலைத்தார். இங்கேதான் சம்பந்தி களத்தில் இறங்கினார். பெரிய பெட்டி அடியில், மென்மையானது இடுக்கில், குழந்தை வண்டி குறுக்கே, புளியோதரைப் பாட்டி முன் இருக்கையில். இரண்டு டிரிப்பில் போக வேண்டிய கூட்டம் ஒரே டிரிப்பில் ஏறியது. ஓட்டுநர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். சம்பந்தியின் முகத்தில் மிக்கி மவுஸால் வரவழைக்க முடியாத சிரிப்பு.

கப்பலில் ஏறி உட்கார்ந்ததும் மகன் கணக்கை முடித்தான். வாடகை, பெட்ரோல், சுங்கம், டப்பா, ஓட்டுநருக்கு டிப்ஸ். கப்பல் கம்பெனி பஸ்ஸில் ஏசியில் தூங்கிக்கொண்டே வந்திருந்தால் ஆகியிருக்கும் செலவைவிட 14 டாலர் மிச்சம்.

"ஆயிரத்து நூத்தி அறுபத்திரண்டு" என்றாள் என் மனைவி.

மாலையில் எல்லோரும் மேல்தளத்துக்குப் போனோம். கயிற்றை அவிழ்த்தார்கள், கரை மெல்ல விலகியது. அப்போது கப்பல் ஹார்ன் அடித்தது. சாதாரண ஊளை இல்லை. டிஸ்னி 1940இல் எடுத்த பினோக்கியோ படப் பாட்டின் முதல் ஏழு சுரங்கள், அடிவயிறு அதிர, துறைமுகம் முழுக்கக் கேட்கும்படி. கும்பகோணம் தனியார் பஸ் ஒன்று மகாமகக் குளத்து முனையில் திரும்பும்போது பாட்டு ஹார்ன் அடிக்குமே, அச்சு அசல் அதே.

சம்பந்தி கம்பியைப் பிடித்துக்கொண்டு, பின்னால் திரும்பி ஒருமுறை தளம் முழுக்க லோடு பார்த்தார். பிறகு கப்பலின் பக்கவாட்டை இரண்டு தட்டுத் தட்டினார்.

"போலாம், ரைட்!"