திருக்கோஷ்டியூருக்கு ஒதுக்கப்படும் அரை மணி நேரம்: ஓர் ஆய்வு

ஆய்வுப் பொருள்

மலை சூழ்ந்து, ஆறு ஓடி, வயல் விரிந்த சிற்றூர்களைப் போய்ப் பார்க்க வேண்டும் என்ற ஆசை பட்டணத்தாரிடையே பரவலாகக் காணப்படுகிறது. இவ்வாசை பெரும்பாலும் வேன் பிடித்துத் தீர்க்கப்படுகிறது. செட்டிநாட்டுப் பக்கம் வரும் வேனின் நிரல் ஏறத்தாழ மாறாதது: காலையில் பிள்ளையார்பட்டி, அடுத்து குன்றக்குடி, மதியம் காரைக்குடியில் சாப்பாடு, ஆயிரம் ஜன்னல் வீட்டு வாசலில் ஒரு படம், திரும்பும் வழியில் திருக்கோஷ்டியூர். கடைசி ஊருக்கு மிஞ்சுவது அரை மணி நேரம். அது போதுமா என்பதே இவ்வாய்வின் பொருள்.

இலக்கியச் சான்று

108 திவ்ய தேசங்களுள் ஒன்றான இவ்வூரை ஆழ்வார்கள் ஐவர் பாடியிருக்கிறார்கள். பெரியாழ்வார், கண்ணன் பிறந்த கொண்டாட்டத்தையே ஆயர்பாடியிலிருந்து பெயர்த்து இங்கே கொண்டுவந்துவிட்டார். ஊரைச் சூழ்ந்திருப்பவை மாடங்கள் என்பது அவர் வாக்கு. அங்கே மலைக்கு இடமில்லை. எண்ணெயும் சுண்ணமும் எதிரெதிரே தூவியதில் முற்றமெல்லாம் சேறானது என்றும் சொல்கிறார். ஊரில் நஞ்சை இருந்ததற்கு இதுவே முதல் சான்று என வாதிட இவ்வாய்வாளருக்கு ஆசைதான். வழிகாட்டிப் பேராசிரியர் ஒப்பவில்லை.

மலை

ஊரில் மலை இல்லை. பிரான்மலை சிங்கம்புணரிப் பக்கம் நின்றுகொண்டது. குன்றக்குடியில் இருந்த குன்றை முருகன் எடுத்துக்கொண்டார். பங்கீட்டில் விடுபட்டுப்போன திருக்கோஷ்டியூர், சௌமிய நாராயணப் பெருமாள் கோயிலில் அஷ்டாங்க விமானம் என்ற ஒன்றைத் தானே எழுப்பிக்கொண்டது. கீழே கண்ணன் ஆடுகிறார். அதற்கு மேல் பெருமாள் கிடந்த கோலம், அடுத்து நின்ற கோலம், உச்சியில் இருந்த கோலம். படிகள் குறுகல். அரை மணி நேரக்காரர்களில் பலர் கிடந்த கோலத்தைச் சேவித்துவிட்டுக் கீழேயே செருப்பைத் தேடத் தொடங்குகிறார்கள். "மேல ஏறிப் பாத்தீகளா?" என்று உள்ளூர்க்காரர் கேட்டால் தரப்படும் விடை, "டைம் ஆயிருச்சு."

ஆறும் வயலும்

பாலாறு, தேனாறு, மணிமுத்தாறு: இவ்வட்டாரத்து ஆறுகளின் பட்டியலைப் படித்தாலே வாய் இனிக்கும். நேரில் போனால் ஆண்டில் பல மாதம் மணல்தான் இருக்கும். ஆகவே இங்கே ஆற்றின் வேலையைக் கண்மாய் பார்க்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் பெய்வதைக் கரை கட்டித் தேக்கி, மடை வழியே வயலுக்கு விட்டு, மிஞ்சியதைக் கலுங்கு வழியே அடுத்த ஊர்க் கண்மாய்க்கு அனுப்பும் ஏற்பாடு இது. மழைக்குப் பின் வந்தவர் பச்சை வயலைப் பார்த்துவிட்டு ஊரை மெச்சுவார். சித்திரையில் வந்தவர் கருவேலத்தைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குவார். இருவரும் பார்த்தது ஒரே ஊர்.

இதைப் புரிந்துகொண்ட சுற்றுலாப் பயணிகள் பறவைகள் மட்டுமே. திருப்பத்தூரை அடுத்த வேட்டங்குடிக் கண்மாய்கள் 1977இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. கண்மாய் நிறைந்ததும் பறவைகள் வருகின்றன. கூடு கட்டி, குஞ்சு பொரித்து, அது பறக்கக் கற்றபின்பே கிளம்புகின்றன. அடுத்த ஆண்டும் வருகின்றன. அவற்றுக்காகக் கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. வேனில் வந்தவர்களுக்காக எந்த ஊரும் எதையும் நிறுத்தியதாகத் தகவல் இல்லை.

வருகைக் கணக்கு

ஒரு சிற்றூருக்கு எத்தனை முறை போக வேண்டும் என்பதற்கு இவ்வூரிலேயே முன்மாதிரி இருக்கிறது. 1017இல் பிறந்த இராமானுசர், திருமந்திரத்தின் பொருளைக் கேட்கத் திருக்கோஷ்டியூர் நம்பியிடம் 18 முறை வந்தார் என்பது வைணவ மரபு. ஸ்ரீரங்கத்திலிருந்து இன்றைய சாலைக் கணக்கில் சுமார் 100 கிலோமீட்டர். ஒவ்வொரு முறையும் திரும்பிப் போய் வந்தார் என்று கொண்டால் மொத்தம் 3,600 கிலோமீட்டர். அந்நாளில் வேன் இல்லை. வருகைக்கு அரை மணி என்ற நவீன அளவையைப் பொருத்தினால் ஒன்பது மணி நேரம் ஆகிறது. அதில் முதல் எட்டரை மணி நேரத்தில் அவருக்குக் கிடைத்தது எதுவுமில்லை.

இன்றைய சாமானியருக்கும் ஊர் ஒரு ஏற்பாடு செய்து வைத்திருக்கிறது. மாசி மகத் தெப்பத்தின்போது குளக்கரையெங்கும் விளக்கு ஏற்றுகிறார்கள். வேண்டுதல் உள்ளவர்கள் அவற்றில் ஒன்றை வீட்டுக்கு எடுத்துப்போய் வைத்து வணங்குகிறார்கள். நிறைவேறியதும் அடுத்த ஆண்டு கொண்டுவந்து குளக்கரையில் ஏற்ற வேண்டும். வந்தவரை மறுபடி வரவழைக்க இதைவிடச் சிக்கனமான வழியை எந்தச் சுற்றுலாத் துறையும் கண்டுபிடித்ததில்லை.

முடிவு

முதல் வருகையில் நாம் ஊரைப் பார்ப்பதில்லை. ஊர்தான் நம்மைப் பார்த்துவைக்கிறது. இரண்டாம் முறை வந்தவரே வந்தவர். ஆகவே அரை மணி நேரம் போதும், திரும்ப வருவதாக இருந்தால்.

மேலாய்வுக்குரிய தலைப்புகள்

1. விமானப் படியில் எதிரெதிரே சந்திப்போரில் வழிவிட வேண்டியவர் ஏறுபவரா, இறங்குபவரா?

2. "இன்னும் பத்தே நிமிஷம்" என்று வேன் ஓட்டுநர் சொல்லும் காலத்தின் உண்மை நீளம்.

3. திருமந்திரப் பொருள் என்ற பரம ரகசியத்தையே இராமானுசர் கோயில் உச்சியில் ஏறிநின்று எல்லோருக்கும் சொல்லிவிட்ட ஊரில், பெண் பார்க்க வந்த செய்தியை மறைக்க முடியும் என்று சில குடும்பத்தார் இன்றும் நம்புவது ஏன்?