பேரிளம்பெண்ணுக்கு அப்பால்: எட்டாம் பருவத்தின் ஒப்பனைச் செலவு குறித்த ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

நாற்பதைக் கடந்த தமிழ்ப் பெண்ணின் அழகுச் செலவு ஆண்டுதோறும் ஏறுவதற்குக் காரணம் வயது என்பர் உடல்நூலார்; விலைவாசி என்பர் பொருள்நூலார்; விளம்பரம் என்பர் ஏனையோர். மூன்றும் உண்மை, மூன்றும் போதா. கல்யாண மண்டபத்தில், பந்திக்கும் தாம்பூலப் பைக்கும் இடைப்பட்ட நேரத்தில், மிகுந்த அக்கறையோடு சொல்லப்படும் ஒரு வாக்கியமே மூலகாரணம் என நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கம்.

1. இலக்கணத்தில் ஒரு வெற்றிடம்

பெண்ணின் பருவம் ஏழு. பேதை முதல் பேரிளம்பெண் ஈறாக இவற்றைப் பாட்டியல் மரபு வகுத்துள்ளது. பரவலாக வழங்கும் கணக்கின்படி பேதைக்கு வயது 5 முதல் 7. தெரிவைக்கு 26 முதல் 31. கடைசிப் பருவமான பேரிளம்பெண்ணுக்கு 32 முதல் 40. உலா இலக்கியங்களில் தலைவன் வீதியில் வரும்போது இந்த ஏழு பருவத்தாரும் வாசலுக்கு வந்து மயங்குவர்.

நாற்பத்தொரு வயதினள் அப்போது எங்கிருந்தாள்? நூல்களில் விடை இல்லை. உள்ளே உலை வைத்துக்கொண்டிருந்தாள் எனக் கொள்வதே பொருத்தம். ஏழு பேரும் வாசலில் நின்று மயங்கினால் சோற்றை யார் வடிப்பது?

புலவர் விட்ட இடத்தைக் கடைக்காரர் பிடித்துக்கொண்டார். இன்றைய அழகுசாதனக் கடையில் மிக நீண்ட அலமாரி எந்த அகவைக்கு உரியது என்பதைக் கண்டோர் அறிவர். அதனை இக்கட்டுரை எட்டாம் பருவம் எனக் கொள்கிறது. அதன் தொடக்கம் 41. முடிவு, அவரவர் சலிக்கும் நாள்.

2. முன்னோர் காட்டிய வழி

மூப்பை எதிர்கொள்ளத் தமிழ்ப் பெண்ணுக்கு மரபு காட்டும் வழி இரண்டே. ஒன்று ஔவை வழி. கல்யாணப் பேச்சிலிருந்து தப்பிக்க இளமையிலேயே கிழவி உருவை வேண்டிப் பெற்றார் என்பது செவிவழிக் கதை, கே.பி. சுந்தராம்பாள் நடித்து 1953இல் வந்த 'ஔவையார்' அந்த உருவத்தை எல்லார் மனத்திலும் பதித்தது. மற்றொன்று காரைக்கால் அம்மையார் வழி. அழகைத் தாங்கிய தசையை உதறிப் பேயுரு வேண்டினார் என்கிறது பெரியபுராணம். இவற்றின் பக்திச் சிறப்பு நம் பொருளன்று. செலவுக் கணக்கே பொருள். இருவருக்கும் அதன்பின் ஒப்பனைச் செலவு சுழியம். ஒரே நாளில் கணக்கைத் தீர்த்துக்கொண்டனர்.

ஆண்டுக்குக் கொஞ்சம் என்று மூப்படையும் பெண்ணுக்கு, அஃதாவது மற்ற எல்லாப் பெண்ணுக்கும், முன்மாதிரி இல்லை என்பது ஈண்டு நோக்கற்பாலது.

ஆணுக்கோ நரை பற்றித் தனிச் சான்றுகளே உண்டு. இத்தனை வயதாகியும் ஏன் நரைக்கவில்லை என்பதற்குப் புறநானூற்று 191ஆம் பாட்டில் பிசிராந்தையார் காரணங்களை அடுக்குகிறார்: மாண்புள்ள மனைவி, அறிவு நிரம்பிய மக்கள், குறிப்பறிந்து நடக்கும் ஏவலர், முறை தவறாத அரசன், ஊரில் வாழும் சான்றோர். பட்டியலில் முதலிடம் மனைவிக்கு. அந்த அம்மையாருக்கு நரைத்திருந்ததா என்று ஒருவரும் கேட்டதாகத் தெரியவில்லை. நரைத்திருந்தது என்பதே இவ்வாய்வாளர் துணிபு. என்னை? மக்களை அறிவு நிரம்பச் செய்ததும் ஏவலரைக் குறிப்பறியப் பழக்கியதும் யார் வேலை எனின், விடை வெளிப்படை.

கம்பராமாயணத்தில் தயரதனின் காதோரம் ஒரே ஒரு முடி வெளுக்கிறது. உடனே அரசை மகனிடம் ஒப்படைக்கத் துணிகிறான். ஒரு நரைக்கு ஒரு நாடு. தமிழில் பதிவான நரைச் செலவுகளில் இதுவே உச்சம். கைகேயிக்கு எத்தனை நரை என்பது கணக்கில் வரவில்லை.

செலவின் தோற்றுவாயைக் காட்டும் சான்று சிலப்பதிகாரத்தில் கிடைக்கிறது. கடலாடு காதையில் மாதவி தலைமுழுகிய நீரில் ஊறியவை பத்துத் துவர், ஐந்து விரை, முப்பத்திரண்டு ஓமாலிகை. கூட்டினால் 47 சரக்கு. இன்றைய ஷாம்பூ புட்டியின் முதுகில் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதெல்லாம் இதன்முன் எம்மாத்திரம்? இவ்வளவும் எதற்கு? கோவலன் ஊடலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். அடுத்தவர் முகம் மாறினால் தன் தலையில் செலவு செய்வது என்னும் கொள்கைக்கு இதனினும் பழைய சான்றை யாம் கண்டிலம்.

3. வகிட்டு விதி

தலைமுடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளரும். மேலே பூசிய கருமை கீழே இறங்க இறங்க, வேரிலிருந்து வெள்ளை எழும். அது முதலில் தெரியும் இடம் வகிடு. இதிலிருந்து பெறப்படும் விதி: பெண்ணின் வயதை ஊர் படிப்பது அவளுடைய வகிட்டின் இரு கரையிலும் உள்ள அரை சென்டிமீட்டரில்.

செலவு தானே ஏறும் சூட்சுமமும் இங்கேதான். பத்தில் ஒரு முடி நரைத்திருக்கையில் வேர் எழுவது கண்ணில் படாது. தீபாவளிக்கு ஒருமுறை, கல்யாணத்துக்கு ஒருமுறை டை அடித்தால் போதும். பாதி நரைத்தபின் மாதந்தோறும் வேண்டும். முக்கால்வாசி நரைத்தபின் மூன்று வாரம் தாங்கினால் அதிகம். பாக்கெட் விலை ஒரு பைசாகூட ஏறாவிட்டாலும் ஆண்டுச் செலவு பல மடங்காகிவிடும். எனவே பணவீக்கத்தின்மேல் பழி போடும் பொருள்நூலார் கூற்று பாதியே பொருந்தும்.

விட்டுவிடலாமே எனின், விடுவதற்கும் விலை உண்டு. தோளுக்குக் கீழே இறங்கும் முடியை 36 சென்டிமீட்டர் எனக் கொண்டால், வெட்டாமல் சாயம் முழுதும் கழிய மூன்று ஆண்டு. அதுவரை மேலே வெள்ளை, நடுவே செம்பட்டை, நுனியில் கருப்பு. அந்த மூன்று ஆண்டில் எத்தனை முகூர்த்தம் வரும் என்பதைப் பஞ்சாங்கத்தில் பார்த்துக்கொள்க.

சாயத்தின் வரலாறும் சிறிது கூறுதும். இதன் உயிர்ப்பொருள் பாரா-பினைலீன்டையமின். 1907இல் பாரீஸில் யூஜின் ஷ்யூலர் என்னும் வேதியியலார் செயற்கைத் தலைச்சாயம் தயாரித்து, 1909இல் தொடங்கிய நிறுவனத்தின் பெயரிலேயே 'தீங்கற்ற தலைச்சாயம்' என்பதையும் சேர்த்துக்கொண்டார். அதுவே இன்றைய லோரியால். ஆயினும் இந்தப் பொருள் சிலருக்கு ஒவ்வாமை தருவதால், 48 மணி நேரத்துக்கு முன்பே தோலில் சிறிது தடவிப் பார்க்கும்படி பாக்கெட்டில் அச்சிடுகிறார்கள். கல்யாணத்துக்கு முந்தைய இரவு பதினொரு மணிக்குப் பாக்கெட்டைப் பிரிப்பவர்க்கு இவ்வறிவுரை காலம் கடந்த இலக்கியம்.

பெருஞ்செலவைச் சில்லறையாக நறுக்கிக் கண்ணில் படாமல் செய்வதில் தமிழ்நாட்டின் பங்கு பெரிது. கடலூர் சின்னிகிருஷ்ணன் பொருளைச் சிறு பாக்கெட்டில் அடைக்கும் உத்தியில் முன்னோடி. அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983இல் தொழில் தொடங்கி, சிக் ஷாம்பூவைப் பாக்கெட் பாக்கெட்டாகச் சிற்றூர்ப் பெட்டிக்கடை வரை தொங்கவிட்டார். புட்டியாக வாங்கினால் வீட்டுக் கணக்கில் ஏறும். பாக்கெட்டாக வாங்கினால் காய்கறிக் கணக்கில் கரைந்துவிடும்.

4. செலவு மூவகை

நிறுத்தற்செலவு, மறைத்தற்செலவு, மறுத்தற்செலவு எனச் செலவு மூவகைப்படும்.

நிறுத்தற்செலவாவது, உள்ளதை உள்ளபடியே பிடித்து நிறுத்த முயல்வது. சீரம், சன்ஸ்கிரீன், ரெட்டினால், கொலாஜன் பவுடர் இதன்பாற்படும். மாதவிடாய் நிற்கும் பருவத்தில் ஈஸ்ட்ரோஜன் குறைய, தோலுக்கு உறுதி தரும் கொலாஜனும் விரைந்து குறையும். இந்தியப் பெண்களுக்கு இப்பருவம் பெரும்பாலும் 46, 47 வயதை ஒட்டி வருகிறது. மகனின் கல்லூரிக் கட்டணமும் மாமனாரின் கண்புரை அறுவையும் வருவதும் அதே ஆண்டுகளில்தான். இயற்கை தேதி பார்த்துச் செயல்படுவதில்லை.

மறைத்தற்செலவாவது, நிறுத்த முடியாததை மூடுவது. டை, கன்சீலர், ஐப்ரோ, அப்பர் லிப் முதலியன. கோல்டு பேசியலும் இதில் அடங்கும். அதிலுள்ள தங்கம் நகைக்கடைச் சேதாரத்துக்கும் காணாது என்பதால், இதனை முதலீடு எனக் கருதும் கணவன்மார் ஏமாறுவர்.

மறுத்தற்செலவாவது, மேற்சொன்ன எதையும் செய்துகொள்ளவில்லை என்று சொல்லும் உரிமைக்குத் தரும் விலை. "நான் எதுவும் போடறதில்லப்பா, வெறும் பயத்தமாவுதான்" என்று ஒருவர் கண் சிமிட்டாமல் சொல்வாராயின், மூவகையிலும் மிகுதியாகச் செலவிட்டவர் அவரே என அறிக. இருபதில் அலங்காரம் தெரிய வேண்டும் என்று செலவு. ஐம்பதில் தெரியக் கூடாது என்று செலவு. தெரியாமல் செய்யும் வேலைக்கு எங்கும் கூலி அதிகம்.

5. அரசும் வகிடும்

2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது குங்குமம், பொட்டு, கண்ணாடி வளையல் ஆகியவற்றுக்கு வரி இல்லை. கண்மைக்கும் இல்லை, அதே மை பென்சில் குச்சியாக வந்தால் உண்டு. தலைச்சாயத்துக்கு முதலில் 28 விழுக்காடு. அவ்வாண்டு நவம்பரில் 18 ஆயிற்று. 2025 செப்டம்பர் 22இல் ஷாம்பூவும் தலைக்குத் தேய்க்கும் எண்ணெயும் முகப் பவுடரும் பார்லர் சேவையும் 5 விழுக்காட்டுக்கு இறங்கின. சாயம் 18இலேயே நின்றுவிட்டது.

ஆகவே வகிட்டின் நடுவே வைக்கும் குங்குமத்துக்கு வரிவிலக்கு. அதன் இரு கரையிலும் பூசும் கருமைக்கு 18 விழுக்காடு. சுமங்கலியாக இருப்பது இலவசம். இளமையாக இருப்பதற்குத்தான் கட்டணம் என்பது அரசின் கொள்கை போலும்.

6. ஆண்பால் ஒப்பீடு

2011இல் 'மங்காத்தா' படத்தில் அஜித் நரைத்த தலையோடு வந்தார். அதற்குச் 'சால்ட் அண்ட் பெப்பர்' என்று பெயர் கிடைத்தது, ரசிகர் கைதட்டினர். உப்பும் மிளகும் ஆண் தலையில் விழுந்தால் ஸ்டைல். பெண் தலையில் விழுந்தால், அடுத்த படத்தில் அவர் நாயகனுக்கு அம்மா.

கடையிலும் இவ்வேற்றுமை உண்டு. நியூயார்க் நகர நுகர்வோர் துறை 2015இல் ஒப்பிட்டுப் பார்த்தபோது, உடல் பராமரிப்புப் பொருள்களில் பெண்களுக்கானவை ஆண்களுக்கானவற்றைவிடச் சராசரியாக 13 விழுக்காடு கூடுதல் விலையில் இருந்தன. நம் ஊர்க் கணக்கை எடுக்க விரும்புவோர் ஒரே மருந்துக்கடையில் நீல ரேசரையும் ரோஸ் ரேசரையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

7. இயற்கையே நடத்திய சோதனை

முடியே செலவுக்குக் காரணமா, சொல்லே காரணமா என்பதைப் பிரித்தறிய 2020 ஊரடங்கு உதவிற்று. பார்லர்கள் மூடிக் கிடந்தன. கல்யாணத்துக்கு ஐம்பது பேருக்கு மேல் கூடாது என்றது அரசு. முடி மட்டும் மாதம் ஒரு சென்டிமீட்டர் என்னும் தன் கடமையில் தவறவில்லை. நரை எழுந்தது; வகிடு வெளுத்தது. எங்கள் தெருவில் யாரும் பதறவில்லை. முகக்கவசத்துக்குள் அப்பர் லிப் என்ன ஆயிற்று என்று கேட்பாரும் இல்லை. கட்டுப்பாடு தளர்ந்து முதல் வளைகாப்புப் பத்திரிகை வந்த வாரத்தில்தான் பதற்றம் திரும்பியது. முடி மாறவில்லை, பார்ப்பவர் எண்ணிக்கை மாறியது. இதனின் வலிய சான்று வேண்டுவோர் இன்னோர் ஊரடங்குக்குக் காத்திருக்க.

8. மறுப்பும் விடையும்

அற்றேல், பெண்கள் தம் மகிழ்ச்சிக்காகவே செய்துகொள்கின்றனர் என்பார் உளர். மறுக்கிலம். பார்லர் நாற்காலியில் சாய்ந்து தலைக்கு எண்ணெய் தேய்க்கக் கொடுக்கும் அந்த நாற்பது நிமிடத்தில் யாரும் "அம்மா, என் சாக்ஸ் எங்க?" என்று கேட்பதில்லை. கைப்பேசி கைப்பைக்குள். கண் மூடினால் ஏன் என்பார் இல்லை. கொடுத்த காசுக்கு உறுதியாகக் கிடைக்கும் பயன் இது ஒன்றே. ரசீதில் இதற்குத் தனி வரி இல்லாததால் பேசியல் என்று போட்டுக் கொடுக்கிறார்கள்.

இனி, அந்த வாக்கியத்தைச் சொல்பவர் யார்? "என்னடி, ரொம்ப டயர்டா தெரியற?", "உடம்பு கிடம்பு சரியில்லையா?", "உன் தங்கச்சிய உன் பொண்ணுன்னு நினைச்சுட்டேன்" என்பவர் பெரும்பாலும் அதே எட்டாம் பருவத்தாரே. தீய எண்ணத்தால் அன்று. போன முகூர்த்தத்தில் அவருக்கு வேறொருவர் சொன்னார். இந்த முகூர்த்தத்தில் இவர் சொல்கிறார். மொய்யைப் போலவே இதுவும் வாங்கினால் திருப்பிச் செய்ய வேண்டிய சீர். திருப்பும்போது கொஞ்சம் கூட்டித் திருப்புவதும் முறை. செலவு ஆண்டுதோறும் ஏறுவதன் கணிதம் இவ்வளவே.

9. பரிந்துரைகள்

ஒன்று: பாட்டியல் நூல்களுக்குப் பிற்சேர்க்கை எழுதி எட்டாம் பருவத்தை முறைப்படி அறிவித்தல். உலாவில் அப்பருவத்தாளும் வாசலுக்கு வரலாம். மயங்குவது அவள் விருப்பம். அடுப்பைப் பார்த்துக்கொள்வது தலைவன் பொறுப்பு.

இரண்டு: தலைச்சாயத்தின்மேல் உள்ள 18 விழுக்காட்டை நீக்கி, அதைச் சொல்லின்மேல் விதித்தல். ஒரு வாக்கியத்தால் கேட்டவர்க்கு எவ்வளவு செலவு நேர்ந்ததோ, அதில் 18 விழுக்காடு சொன்னவர் கட்ட வேண்டும். "டயர்டா தெரியற" என்பதற்கு ஒரு பேசியலின் பங்கு. "தங்கச்சிய உன் பொண்ணுன்னு" என்பதற்கு டை, பேசியல், ஆறு மாதச் சீரம் ஆகிய மூன்றின் பங்கு. "நல்லா இருக்க" என்பதோடு நிறுத்திக்கொள்வோர்க்கு விலக்கு. "இந்த வயசுக்கு நல்லா இருக்க" என்போர்க்கு அபராதமும் உண்டு.

மூன்று: வசூலுக்குப் புதிய துறை வேண்டியதில்லை. மண்டப வாசலில் மொய் எழுதுபவர் ஏற்கெனவே நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறார். பெயர், ஊர், சொன்ன வாக்கியம், தொகை என்று ஒரு பத்தி கூடுதலாகக் கோடு போட்டால் தீர்ந்தது. சந்தேகம் வந்தால் அடுத்த விசேஷத்துக்குக் கிளம்புமுன் பழைய நோட்டைப் புரட்டிப் பார்த்துக்கொள்ளலாம். எப்படியும் எல்லாரும் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறார்கள்.