அத்தை பையனின் வாரிசுக் கணக்கு

பரிணாமம் என்றதும் நமக்குக் குரங்கு நினைவுக்கு வருகிறது. நியாயமாக நினைவுக்கு வர வேண்டியவர் கல்யாண வீட்டுத் தூணோரம் வெற்றிலை இடித்துக்கொண்டிருக்கும் பாட்டி. யார் பலசாலி, யார் மேதை, யார் அம்பது பவுன் போட்டிருக்கிறார்கள் என்பதை எல்லாம் இயற்கை கண்டுகொள்வதே இல்லை. உனக்கு எத்தனை பிள்ளை, உன் பிள்ளைக்கு எத்தனை பிள்ளை? இவ்வளவுதான் அதன் கேள்வித்தாள். "ஏதும் விசேஷம் உண்டா?" என்று பாட்டி கேட்டால் முகம் சுளிக்கிறோம். அதையே தாடி வைத்த ஒரு வெள்ளைக்காரர் கேட்டபோது அறிவியல் என்று கைதட்டினோம்.

அந்தத் தாடிக்காரர் வீட்டுக் கதை இது.

தாத்தா எராஸ்மஸ் டார்வின். வைத்தியர், கவிஞர், பெருத்த சரீரம். இரண்டு கல்யாணம். இடையில், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வந்த அம்மாளிடம் இரண்டு பெண் குழந்தைகள். ஆக மொத்தம் 14 பிள்ளைகள். பேரன் பரீட்சையே கண்டுபிடிக்காத காலத்தில் தாத்தா அதில் முதல் வகுப்பில் தேறிவிட்டார்.

மூத்த தாரத்து மகன் வழிப் பேரன் சார்லஸ் டார்வின், பிறப்பு 1809. இளைய தாரத்து மகள் வயிற்றுப் பேரன் ஃபிரான்சிஸ் கால்டன், பிறப்பு 1822. நம் ஊர் முறைப்படி டார்வினுக்குக் கால்டன், சின்னப் பாட்டி வழியில், அத்தை பையன்.

கப்பலில் ஐந்து வருஷம் உலகம் சுற்றிவிட்டு வந்த டார்வினுக்கு 1838இல் ஒரு சந்தேகம் வந்தது: கட்டிக்கொள்வதா, வேண்டாமா? விஞ்ஞானி அல்லவா, தாளை எடுத்து இரண்டு பத்தி பிரித்தார். கட்டிக்கொண்டால் பிள்ளைகள் வரும், வயதான காலத்தில் துணை இருக்கும், வீட்டைக் கவனிக்க ஆள் கிடைக்கும். எப்படிப் பார்த்தாலும் நாய் வளர்ப்பதைவிட மேல். கட்டிக்கொண்டால் வரும் நஷ்டம்: நேரம் போகும், புத்தகம் வாங்கப் பணம் இருக்காது, சாயங்காலம் படிக்க முடியாது, சொந்தக்காரர் வீடுகளுக்குப் போய்த் தொலைய வேண்டும். கடைசியில் கல்யாணக் கட்சி ஜெயித்தது. தாள் முழுக்கத் தேடினாலும் பெண்ணின் பெயர் இல்லை. அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

பார்த்தார். ரொம்ப தூரம் போகவில்லை. அம்மாவின் அண்ணன் தம்பிகளில் ஒருவர், வெட்ஜ்வுட் பீங்கான் கம்பெனி முதலாளி. அவர் மகள் எம்மா, டார்வினைவிட ஒன்பது மாதம் மூத்தவர். சுத்தமான மாமன் மகள்! 1839 ஜனவரியில் கல்யாணம். பெண் வீட்டுச் சீர் 5,000 பவுண்டு, அது போக வருஷத்துக்கு 400. உயிரின வரலாற்றையே புரட்டிப்போட்ட மனிதர், முறைப்பெண்ணைச் சீரோடு கட்டினார் என்று சொன்னால் மதுரைப் பக்கம் யாருக்கும் அதிர்ச்சி இருக்காது.

பத்துப் பிள்ளைகள் பிறந்தன. மூன்று சின்ன வயதிலேயே போய்விட்டன. அவற்றில் ஆனிக்குப் பத்து வயது. அந்தத் துக்கம் டார்வினைக் கடைசிவரை விடவில்லை. சொந்தத்தில் கட்டியதுதான் காரணமோ என்று மனுஷன் உள்ளுக்குள் புழுங்கினார். தோட்டத்தில் செடிகளைத் தன் மகரந்தத்தாலேயே கருவுறச் செய்து பார்த்தார். அப்படி வந்த கன்றுகள் சவலையாக இருந்தன. கவலை கூடியது. 1871 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 'சொந்தத்தில் கட்டினீர்களா?' என்று ஒரு கேள்வி சேர்க்கச் சொல்லி, நண்பர் மூலம் நாடாளுமன்றம் வரை போனார். மாட்டேன் என்றது சபை. ராணி விக்டோரியாவே மாமன் மகனைக் கட்டியவர். அந்தக் கேள்வியோடு அரண்மனைக் கதவை எவன் தட்டுவான்?

இந்த மனிதர் தன் பிள்ளைகளை எண்ணிக் கவலைப்பட்டார். அத்தை பையனோ ஊரார் பிள்ளைகளை எண்ணிக் கவலைப்பட்டார். வம்பு அங்கேதான் ஆரம்பம்.

கால்டனுக்கு எதையாவது எண்ணாவிட்டால் தூக்கம் வராது. சட்டைப்பையில் காகிதத் துண்டு ஒன்றும் ஊசி ஒன்றும் இருக்கும். தெருவில் ஒரு பெண் எதிரே வந்தால், பைக்குள் விட்ட கை வெளியே வராமலே காகிதத்தில் ஒரு பொத்தல். அழகி என்றால் மேலே, சுமார் என்றால் நடுவே, சகிக்கவில்லை என்றால் கீழே. இப்படி ஊர் ஊராகப் பொத்தல் போட்டு பிரிட்டனுக்கே அழகு வரைபடம் தயாரிக்கப் பார்த்தார். லண்டனுக்கு முதலிடம், அபர்டீனுக்குக் கடைசி இடம். நம் ஊர்த் தெருமுனையில் இந்த வேலையைச் செய்திருந்தால் ஊசி வேறு இடத்தில் ஏறியிருக்கும். அங்கே பின்னாளில் சர் பட்டம் கொடுத்தார்கள்.

மேதைக்குப் பிறந்தால் மேதை, மக்குக்குப் பிறந்தால் மக்கு என்பது அவர் சித்தாந்தம். 1865இல் ஒரு பத்திரிகையில் யோசனை சொன்னார்: கெட்டிக்கார வாலிபர்களையும் கெட்டிக்காரக் கன்னிகளையும் பரீட்சை வைத்துப் பொறுக்கி, வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் ராணியே தாரைவார்த்துக் கொடுக்கட்டும், ஜோடிக்கு 5,000 பவுண்டு மொய். நம் கோயில்களில் நடக்கும் இலவசக் கல்யாணம் மாதிரிதான். நுழைவுத் தேர்வு மட்டும் கூடுதல். 1883இல் இந்தச் சரக்குக்குக் கிரேக்கத்தில் பெயரும் வைத்தார்: யூஜெனிக்ஸ். நல்ல பிறப்பு என்று அர்த்தம்.

அவர் சொந்த ஜாதகம் என்ன? 1853இல் லூயிசா பட்லரைக் கட்டினார். படிப்பாளிக் குடும்பம், மாமனார் புகழ்பெற்ற ஹாரோ பள்ளியின் முன்னாள் தலைமை ஆசிரியர். அவர் சித்தாந்தப்படி பத்துக்குப் பத்துப் பொருத்தம். 44 வருஷம் குடித்தனம் நடத்தினார்கள். பிள்ளைகள்: பூஜ்யம்.

பிள்ளை இல்லாதது குற்றமும் இல்லை, குறையும் இல்லை. ஊரார் கர்ப்பத்துக்கெல்லாம் மார்க் போட்டவர் என்பதால்தான் இந்த மனிதரின் விடைத்தாளைத் திருப்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அவர் மட்டுமா? தகுதியுள்ளதே தப்பிப் பிழைக்கும் என்ற மந்திரத்தை 1864இல் உலகுக்கு அருளியவர் ஹெர்பர்ட் ஸ்பென்சர். கட்டை பிரம்மச்சாரி. டார்வின் மகன் லியோனார்டு 1911 முதல் 1928 வரை யூஜெனிக்ஸ் சங்கத் தலைவர்; நல்ல குடும்பத்தார் நிறையப் பெற வேண்டும் என்று மேடை மேடையாகப் பேசினார். இரண்டு தரம் கட்டியும் பிள்ளை கிடையாது. சொன்னதைச் செய்து காட்டியவர் லியோனார்டின் சிஷ்யர், புள்ளியியல் மேதை ரொனால்டு ஃபிஷர். மேல்தட்டு மக்கள் பிள்ளை பெறாமல் நாகரிகத்தைக் கெடுக்கிறார்கள் என்று 1930இல் புத்தகம் எழுதிவிட்டு, எட்டுப் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கப் போராடினார்.

சிரிப்பு இந்த இடத்தில் நின்றுவிடுகிறது. லண்டன் வரவேற்பறையில் கிளம்பிய இந்த மார்க் பட்டியல் அமெரிக்காவில் சட்டமானது. 60,000 பேருக்கு மேல் கட்டாயக் கருத்தடை. 1933க்குப் பிறகு ஜெர்மனியில் சுமார் 4 லட்சம் பேர். அதற்குப் பின் அங்கே நடந்தது உலகத்துக்கே தெரியும்.

அப்படியும் சிலருக்குப் புத்தி வரவில்லை. உடையாத பிளாஸ்டிக் கண்ணாடி செய்து கோடீஸ்வரரான ராபர்ட் கிரகாம், கலிஃபோர்னியாவில் நோபல் பரிசுக்காரர்களின் விந்துக்கென்றே ஒரு வங்கி திறந்தார். 1980இல் செய்தி வெளியே வந்தது. நானும் கொடுத்தேன் என்று பகிரங்கமாகச் சொன்னவர், டிரான்சிஸ்டருக்காக நோபல் வாங்கிய வில்லியம் ஷாக்லி. 1999இல் வங்கியை மூடுவதற்குள் 200க்கு மேல் குழந்தைகள் பிறந்தார்கள். நோபல்காரர் விந்தில் பிறந்தது ஒன்றுகூட இல்லை.

பரிணாமம் நமக்குப் பிள்ளை ஆசையை வைத்ததைவிடக் கட்டில் ஆசையைத்தான் பலமாக வைத்தது. ஒன்று வந்தால் மற்றது தானே பின்னால் வரும் என்பது அதன் பழைய கணக்கு. 1960இல் அமெரிக்காவில் கருத்தடை மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது, கணக்கு கிழிந்தது. தென்கொரியாவில் 2023இல் ஒரு பெண்ணுக்குச் சராசரி 0.72 குழந்தை. படிப்பு, வேலை, வீட்டு வாடகை எல்லாம் பார்த்து மனிதன் போடும் கணக்கில் மேதை மரபணு என்று ஒரு பத்தியே கிடையாது.

கால்டன் 1911இல் காலமானார். அதற்கு முந்தைய வருஷம், பரீட்சையில் தேறினால்தான் பிள்ளை பெறலாம் என்றிருக்கும் ஓர் ஊரைப் பற்றி நாவல் எழுதி அனுப்பியிருந்தார், பதிப்பகம் திருப்பிவிட்டது. காதல் காட்சிகள் சகிக்காமல் உறவுப் பெண் ஒருத்தி முக்கால்வாசியை எரித்துவிட்டாள். சொத்திலிருந்து பெருந்தொகையை யூஜெனிக்ஸ் பேராசிரியர் பதவிக்காக லண்டன் பல்கலைக்கழகத்துக்கு எழுதிவைத்தார். அந்தப் பதவி அமைந்த லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் 2020இல் தன் விரிவுரை அரங்கிலிருந்து அவர் பெயரை எடுத்துவிட்டது.

உருப்படியாக மிஞ்சியது ஒன்று உண்டு: கைரேகை. ஒருவர் ரேகை இன்னொருவருக்கு இருக்காது, ஆயுசுக்கும் மாறாது என்று அவர் 1892இல் எழுதிய புத்தகம் இன்றைக்கும் அஸ்திவாரம். அந்த ஆராய்ச்சியிலும் தன் பழைய அரிப்பை அவர் விடவில்லை. அறிவாளி ரேகை வேறு, கூலிக்காரன் ரேகை வேறு என்று காட்டத் தேடு தேடென்று தேடினார். கிடைக்கவில்லை, கிடைக்கவில்லை என்று அவரே எழுதவும் செய்தார்.

அடுத்த முறை ரேஷன் கடை வரிசையில் நிற்கும்போது கவனியுங்கள். வயல் வேலையில் தேய்ந்த பெருவிரலைச் சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு, மூன்றாம் தடவையாக மெஷினில் அழுத்துகிறாரே ஒரு பாட்டி, அவர் ரேகையில் எது இல்லையோ அது கால்டன் ரேகையிலும் இல்லை. பேரன் பேத்தி கணக்கில் மட்டும் பாட்டி பல படி முன்னால் இருக்கிறார்.